பரதனின் மானும் பன்றிக்குட்டிகளின் தாயும்



சமய வகுப்பில் ஜடபரதர் கதையைக் கேட்காதவர்கள் நம்மில் குறைவு. பாகவத புராணத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்தில் வரும் கதை. பரதன் என்ற பேரரசன். பாரத நாட்டுக்கு அவன் பெயரால்தான் பெயர் வந்தது என்று அந்தப் புராணம் சொல்கிறது. அரசைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு, கண்டகி ஆற்றங்கரைக்குத் தவம் செய்யப் போகிறான். ஒருநாள் நிறைமாத மான் ஒன்று தண்ணீர் குடிக்க வருகிறது. எங்கோ சிங்கம் கர்ஜிக்கிறது. பயந்துபோன மான் ஆற்றைத் தாண்டிக் குதிக்கிறது. குதித்த வேகத்தில் குட்டி நழுவி வெள்ளத்தில் விழுகிறது. தாய் மான் கரையேறி இறந்துபோகிறது. பரதன் குட்டியைத் தூக்கிவந்து வளர்க்கிறான்.

பிறகு நடப்பது நமக்குத் தெரியும். ஜபம் குறைகிறது, பூஜை குறைகிறது. மான் மேயப் போய்த் திரும்பக் கொஞ்சம் தாமதமானால் அவனுக்கு உயிரே போகிறது. கடைசி மூச்சிலும் மானையே நினைத்ததால் அடுத்த பிறவியில் மானாகவே பிறக்கிறான். அதற்கும் அடுத்த பிறவியில்தான் ஜடபரதர்.

கதை முடிந்ததும் வகுப்பில் சொல்லப்படும் பாடம், "ஆகவே பற்று கூடாது" என்பது. பத்து வயதில் கேட்டபோதே எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அப்படியென்றால் குட்டியை ஆற்றோடு போக விட்டிருக்க வேண்டுமா? முற்றும் துறந்த ஒருவன் கண் முன்னால் ஓர் உயிர் மூழ்குகிறது. அவன் கண்ணை மூடி ஜபம் செய்துகொண்டிருந்தால், அதை நாம் தவம் என்று சொல்வோமா?

இதே நம் சமயத்தில் இன்னொரு கதையும் இருக்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், 64 படலங்களில் ஒன்று, பன்றிக்குட்டிக்கு முலை கொடுத்த படலம். பாண்டிய மன்னன் வேட்டைக்குப் போகிறான். அந்த வேட்டையில் காட்டுப்பன்றிகள் சாகின்றன. தாயையும் தகப்பனையும் இழந்த 12 குட்டிகள் பசியில் துடிக்கின்றன. மதுரைச் சொக்கநாதர் அதைப் பார்க்கிறார். என்ன செய்கிறார்? தாய்ப்பன்றியாக வடிவெடுத்து வந்து, படுத்து, பால் கொடுக்கிறார்.

ஒரே செயல்தான். தாயில்லாத காட்டுக் குட்டிக்கு அடைக்கலம். ஒரு கதையில் அது அரசமுனிவனைக் கீழே தள்ளுகிறது. இன்னொரு கதையில் இறைவனே அதைச் செய்கிறான், நாம் அதை லீலை என்று பாடுகிறோம். ஏன் இந்த வித்தியாசம்? அடைக்கலம் கொடுத்தது தவறா, சரியா? இந்தக் கட்டுரை முழுக்க நான் யோசிக்க விரும்புவது இதைத்தான். புத்தகக் கேள்வி மாதிரித் தெரியலாம். ஆனால் நம்ம தாமானில், நம்ம ஃபிளாட்டில், வாசல் வரைக்கும் வந்து நிற்கிற கேள்வி இது.

கம்போங் மேடானைத் தெரிந்தவர்களுக்கு அதன் நெருக்கடி தெரியும். பெட்டாலிங் ஜெயாவின் தெற்கு ஓரம். ஒரு பக்கம் பழைய கிள்ளான் சாலை, இன்னொரு பக்கம் கிள்ளான் ஆறு, நடுவில் ஃபிளாட்டுகளும் பட்டறைகளும் கடைவீடுகளும். இங்கே காடு கிடையாது. ஆனால் காட்டு உயிர்கள் இருக்கின்றன. கூரை இடுக்கில் மூசாங், அதாவது மரநாய், குட்டி போடுகிறது. மாமரத்திலும் தென்னையிலும் அணில் கூடு கட்டுகிறது. ஆற்றோரத்தில் உடும்பு. எங்கேயோ போயிருக்க வேண்டியவை, போக இடமில்லாமல் நம்மோடு இருந்துவிட்டன. யோசித்தால், தோட்டம் துண்டாடப்பட்டபோது லயத்தைக் காலி செய்துவிட்டுப் பட்டணத்துக்கு வந்த நம் தாத்தா பாட்டிமார் கதையும் கிட்டத்தட்ட இதுதான்.

எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால் ஒரு மாமரம் இருந்தது. கார் நிறுத்த இடம் வேண்டும் என்று ஒருநாள் காலையில் ஆள்கள் வந்து வெட்டினார்கள். மரம் விழுந்து கொஞ்ச நேரத்தில் என் தங்கை ஒரு காலணிப் பெட்டியோடு மேலே வந்தாள். உள்ளே தென்னை நாரும் காய்ந்த இலையும், அதற்குள் கண் திறக்காத இரண்டு அணில் குட்டிகள். கட்டைவிரல் நீளம்கூட முழுசாக இருக்காது. அவளுக்கு வயது பன்னிரண்டு. "அண்ணா, நாம வளக்கலாம். நான் பேர்கூட வச்சிட்டேன்" என்றாள்.

பாட்டி அந்தப் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொண்டுபோய் இருந்த எடத்துலயே வைம்மா. தாய்க்காரி தேடிக்கிட்டிருப்பா."

"மனுசன் தொட்டுட்டா அம்மா சேத்துக்காதாமே பாட்டி?"

"யாரு சொன்னா? உன்ன ஆஸ்பத்திரில நர்சு தொட்டுத்தான் குடுத்தா. உங்கம்மா சேத்துக்கலியா?"

பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் சொன்னதும் விலங்கு மருத்துவர்கள் சொல்வதும் ஒன்றுதான். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது பெரும்பாலும் கட்டுக்கதை. கூடு கலைந்தால் அணில் தன் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விடும். அதற்குக் கொஞ்சம் நேரமும் அமைதியும் வேண்டும். நாம் சுற்றி நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தால் அது வராது.

இதே விஷயம் முயலில் இன்னும் தெளிவாகத் தெரியும். நம்ம கிள்ளான் பள்ளத்தாக்கில் காட்டு முயல் இல்லை. நாம் பார்ப்பதெல்லாம் கடையில் வாங்கிய வளர்ப்பு முயல். ஆனால் அமெரிக்காவில் ஒவ்வொரு வசந்த காலத்திலும் புல்வெட்டும்போது காட்டு முயல் கூடுகள் தென்படும். பக்கத்தில் தாய் இருக்காது. ஐயோ பாவம் என்று எடுத்துப்போய் வளர்க்கப் பார்ப்பார்கள். உண்மையில் தாய் எங்கேயும் போய்விடவில்லை. அது ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை, விடியலிலும் அந்தியிலும் மட்டும், சில நிமிடம் வந்து பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். கூட்டருகே உட்கார்ந்திருந்தால் அதன் வாடையே எதிரிகளை அழைத்துவரும் என்பதால் விலகி நிற்கிறது. தாய் தள்ளி நிற்பதுதான் அங்கே பாதுகாப்பு. நமக்கோ அது கைவிட்டதாகத் தெரிகிறது. தமிழ்நாட்டு மானாவாரிக் காடுகளில் உள்ள குழிமுயலும் இப்படித்தான் குட்டியைப் புல்லுக்குள் தனியே விட்டுவிட்டு மேயப் போகும்.

அப்படியானால் முதல் பாடம் இதுதான். அனாதை என்று நாம் நினைப்பதெல்லாம் அனாதை இல்லை. அருள் என்பது உடனே கையை நீட்டுவதாக மட்டும் இருக்க முடியாது. சில நேரம் கையைக் கட்டிக்கொண்டு, பத்தடி தள்ளி, மறைவாக நின்று பார்த்துக்கொண்டிருப்பதும் அருள்தான். சொல்லப்போனால் அதுதான் கஷ்டம். தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்வது சுலபம். அதில் நமக்கு ஒரு சுகமும் இருக்கிறது.

குட்டிகளைப் பெட்டியோடு வெட்டுப்பட்ட மரத்தடியில் வைத்தோம். எதிர்வீட்டு மக்சிக் பூனை வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று நாற்காலி போட்டுத் தன் வாசலில் உட்கார்ந்துகொண்டார். மதியம் ஒரு மணி வாக்கில் தாய் அணில் வந்தது. ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு சுவரேறிப் போனது. நாங்கள் மூச்சுவிடாமல் காத்திருந்தோம். இன்னொன்றுக்கு அது திரும்பி வரவில்லை. பொழுது சாய்ந்தது. அணில் பகலில் நடமாடும் உயிர். இருட்டிய பிறகு வராது. மறுநாள் விடிந்ததும் மறுபடி வைத்துப் பார்த்தோம். அப்போதும் வரவில்லை. கதையில் பரதன் நின்ற இடம் இதுதான். இப்போது குட்டி நிஜமாகவே தனியாகிவிட்டது.

இங்கே ஒரு மறுப்பைப் பார்த்துவிட வேண்டும். எங்கள் பல்கலைக்கழக விடுதியில் நண்பன் ஒருவன் கேட்டான்: "இயற்கை பார்த்துக்கும்டா. இது அதோட கர்மா. நீ ஏன் குறுக்க போற?" கேட்பதற்கு ஆழமான தத்துவம் மாதிரி இருக்கும். ஆனால் அந்த மாமரத்தை இயற்கை வெட்டவில்லை. நம் கார்களுக்காக, நம் காசில் வெட்டப்பட்டது. பரதன் கதையில் தாயைக் கொன்றது சிங்கத்தின் குரல். அங்கே இயற்கை என்று சொல்ல ஓர் இடம் உண்டு. பன்றிக்குட்டிக் கதையில் தாயைக் கொன்றது அரசனின் வேட்டை. அங்கே அனாதைகளை உண்டாக்கியது மனிதக் கை. நம் பட்டணத்தில் நடப்பதும் இரண்டாவது வகை. நெடுஞ்சாலை, அடுக்குமாடி, கூரை பழுதுபார்ப்பு, மரம் வெட்டு. நாம் உண்டாக்கிய அனாதைக்கு நாம் செய்வது தர்மம்கூட இல்லை, அது கடன். கடனைத் திருப்பிக் கொடுப்பவன் கர்மாவில் குறுக்கே போகிறான் என்று யாரும் சொல்வதில்லை.

"அவன் கர்மா" என்ற சொல்லை நாம் எப்போது பயன்படுத்துகிறோம் என்று கவனித்துப் பாருங்கள். நமக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் ஓடுகிறோம். அடுத்தவருக்கு வந்தால்தான் கர்மா. கர்மக் கொள்கை என் செயலுக்கு என்னைப் பொறுப்பாக்குவதற்காக வந்தது. அடுத்த உயிரின் வலிக்கு நான் பொறுப்பில்லை என்று நழுவுவதற்காக வரவில்லை.

ஆகவே எடுத்தாயிற்று. இனி எப்படி? இங்கே நல்ல மனசு மட்டும் போதாது. நான் இயந்திரப் பொறியியல் படிக்கிறவன், அதனால் என் மொழியில் சொல்கிறேன். ஒரு பொருள் எவ்வளவு சிறியதோ, அதன் கன அளவோடு ஒப்பிட அதன் மேற்பரப்பு அவ்வளவு அதிகம். அதனால் கட்டைவிரல் அளவுக் குட்டி, நம்மைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தை இழக்கும். உடம்பு சில்லென்று இருக்கும் குட்டிக்கு எதைக் கொடுத்தாலும் செரிக்காது. அந்த உணவே அதைக் கொல்லும். வெப்பம் முதலில், உணவு பிறகு. வெந்நீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைக்க வேண்டும். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபாதி வேண்டும்.

பசும்பால் நமக்குப் புனிதம். அணில் குட்டிக்கு அது வயிற்றுப்போக்கு. டின் பால் அதைவிட மோசம். அணிலின் தாய்ப்பாலும் முயலின் தாய்ப்பாலும் பசும்பாலைவிட மிகக் கெட்டியானவை, கொழுப்பும் புரதமும் நிறைந்தவை. மல்லாக்கப் போட்டு ஊட்டினால் பால் மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரல் கெட்டுவிடும். பால் குடித்ததும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் பின்பக்கம் மெதுவாகத் துடைக்க வேண்டும். தாய் நக்கிவிடாமல் அதற்குத் தானாகச் சிறுநீர்கூட வராது. கொஞ்சம் வளர்ந்த பிறகு வெறும் நிலக்கடலையும் வாழைப்பழமும் கொடுத்து வளர்த்தால் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் எலும்பு வளைந்துபோகும். இவ்வளவும் தெரிந்து, இரண்டு மூன்று மணிக்கொருமுறை எழுந்து, வாரக்கணக்கில் செய்ய வேண்டும். பாசத்தால் கொல்லப்படும் குட்டிகள் நிறைய என்று விலங்கு மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். அறியாமையோடு சேர்ந்த அன்பும் ஒருவகை வன்முறைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டமும் இருக்கிறது. மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது 716-ஆம் சட்டம், பாதுகாக்கப்பட்ட விலங்கை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. 2022-இல் அது திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. "நான் காப்பாற்றினேன்" என்பது மட்டும் அங்கே பதிலாகாது. ஏன் இவ்வளவு கறார்? 2019 ஜூனில் கோலாலம்பூர் அடுக்குமாடி வீடு ஒன்றின் ஜன்னலில் ஒரு சூரியக் கரடிக் குட்டி தலையை நீட்டிக் கத்திய காணொளி பரவியது நினைவிருக்கலாம். பெர்ஹிலித்தான் அதிகாரிகள் வந்து குட்டியை மீட்டார்கள். சாலையோரத்தில் சோர்ந்து கிடந்தது, நாய்க்குட்டி என்று நினைத்து எடுத்துவந்தேன், உடம்பு தேறியதும் ஒப்படைக்க இருந்தேன் என்பது அதை வைத்திருந்தவர் சொன்ன விளக்கம். அவர் மனத்தில் என்ன இருந்தது என்று தீர்ப்பு சொல்ல நாம் யார்? ஆனால் ஒன்று புரிகிறது. காப்பாற்றுவது என்ற அதே சொல்லை உண்மையாகக் காப்பாற்றுகிறவரும் சொல்லலாம், வாங்கி வளர்க்கிறவரும் சொல்லலாம், விற்கிறவரும் சொல்லலாம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால்தான் சட்டம் மனசைப் பார்க்காமல் கையைப் பார்க்கிறது.

மனசைப் பார்க்க வேண்டியது நாம்தான். இங்கேதான் அந்த இரண்டு கதைகளுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் புரிய ஆரம்பித்தது.

பரதன் மான்குட்டியைத் தன் ஆசிரமத்துக்குக் கொண்டுவந்தான். தன் மடியில் வைத்தான், தோளில் தூக்கினான், தன்னோடு தூங்க வைத்தான். மான் அவன் உலகத்துக்குள் வந்தது. அவன் விட்டுவந்த மனைவி, மக்கள், அரசு எல்லாம் இருந்த வெற்றிடத்தில் மான் போய் உட்கார்ந்துகொண்டது. மானுக்கு என்ன தேவை என்பது போய், அவனுக்கு மான் தேவை என்றாகிவிட்டது. அவன் ஆற்றில் இறங்கியது குற்றம் இல்லை. புராணமே அந்த இடத்தில் அவன் இரக்கத்தைத்தான் சொல்கிறது. வெள்ளத்திலிருந்து எடுத்தது அருள். எடுத்ததை எந்த நாளில் விட்டிருக்க வேண்டுமோ, அந்த நாளைக் கடந்தும் விடாமல் வைத்திருந்தது பற்று.

சொக்கநாதர் என்ன செய்தார்? குட்டிகளைக் கோவிலுக்குத் தூக்கிவரவில்லை. தங்கத் தொட்டிலில் போடவில்லை. அவர் பன்றியானார். குட்டிகளுக்கு என்ன தேவையோ அதுவாக அவர் மாறினார். இறைவன் இறங்கிப்போன தூரத்தை நினைத்துப் பாருங்கள். நாம் அருவருக்கிற உடம்பை எடுத்து, சேற்றில் படுத்தார். "அந்தக் குட்டிகள் பிறகு பாண்டியனுக்கு அமைச்சர்கள் ஆனதே, காட்டுக்குப் போகவில்லையே" என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் புராணப்படி அவை சாபத்தால் பன்றியாகப் பிறந்த மனிதப் பிள்ளைகள். அவர் அவற்றைத் தன் விருப்பத்துக்கு மாற்றவில்லை. அவை எதுவாக இருந்தனவோ, அந்த இயல்பு நோக்கித் திருப்பி அனுப்பினார்.

பரதன் மானைத் தனக்கு வேண்டியதாக ஆக்கிக்கொண்டான். இறைவன் தன்னைக் குட்டிக்கு வேண்டியதாக ஆக்கிக்கொண்டான். என் வரையில் வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் இது சின்ன வித்தியாசம் இல்லை.

இது புராணத்தில் மட்டும் நடப்பதா? நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 1950-களில் சரவாக்கின் கூச்சிங்கில் பார்பரா ஹாரிசன் என்ற பெண்மணி, தாயை இழந்த ஓராங் ஊத்தான் குட்டிகளைத் தன் வீட்டிலேயே வளர்த்தார். குட்டியைப் பிடித்து விற்பதற்காகத் தாயைச் சுட்டுக் கொன்றுவந்த காலம் அது. அவர் சீக்கிரமே ஓர் உண்மையைக் கண்டார். வீட்டில் வளர்ந்த ஓராங் ஊத்தானுக்கு மரமேறத் தெரியாது, கூடு கட்டத் தெரியாது. தாயிடமிருந்துதான் அதெல்லாம் வரும். அதனால் உள்ளூர் தயாக் இளைஞர் ஒருவர் குட்டிகளோடு மரத்தில் ஏறிப் பழக்கினார். பிறகு பாக்கோ தேசியப் பூங்காவில் அவற்றைப் பாதி சுதந்திரமாக விட்டுப் பார்த்தார்கள். 1964-இல் சபாவின் சண்டக்கானில் செப்பிலோக் மறுவாழ்வு மையம் தொடங்கியது இந்த அனுபவங்களின் தொடர்ச்சியாகத்தான். வட அமெரிக்காவில், அழிவின் விளிம்புக்குப் போன பெருங்கொக்கு இனம் ஒன்றின் குஞ்சுகளை வளர்ப்பவர்கள், தலை முதல் கால்வரை வெள்ளை அங்கி போட்டு முகத்தை மறைத்து, கையில் கொக்குத் தலைப் பொம்மையை மாட்டிக்கொண்டு இரை ஊட்டுகிறார்கள். குஞ்சு மனித முகத்தைத் தாய் என்று பதித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. அதைப் படித்தபோது எனக்கு மதுரைக் கதைதான் நினைவுக்கு வந்தது. பால் கொடுத்தது யார் என்றே குட்டிக்குத் தெரியாமல் கொடுப்பது.

இப்போது கடினமான கேள்வி. பற்று இல்லாமல் இதைச் செய்ய முடியுமா? இரவு மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஒரு சொட்டு ஒரு சொட்டாகப் பால் ஊட்டுகிறவருக்கு அந்தக் குட்டிமேல் பாசம் வராமல் இருக்குமா? வராவிட்டால் அவர் எழுந்திருப்பாரா?

முதுமலையின் தெப்பக்காடு யானைகள் முகாமைச் சேர்ந்த பொம்மன், பெள்ளி தம்பதியரை இன்று உலகத்துக்கே தெரியும். தாயை இழந்த ரகு, அம்மு என்ற யானைக் குட்டிகளை அவர்கள் வளர்த்த கதை, 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' என்ற ஆவணப்படமாகி 2023 மார்ச்சில் ஆஸ்கார் பெற்றது. படத்தில் என்னை உலுக்கிய இடம் விருதுக்குரிய அழகான காட்சிகள் எதுவும் இல்லை. ரகு வளர்ந்ததும் அவனை வேறு பாகனிடம் மாற்றிவிடுகிறார்கள். அந்த இருவரும் பிள்ளையைப் பிரிந்த பெற்றோர் மாதிரி வாடுகிறார்கள். ஆனாலும் மறுநாள் அம்முவுக்குப் பால் கலக்குகிறார்கள். அவர்களுக்குப் பற்று இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? இருந்தது, கொள்ளை கொள்ளையாக இருந்தது. ஆனால் ரகு எங்கே இருக்க வேண்டும் என்ற முடிவை அந்தப் பற்று எடுக்கவில்லை. வேலையும் நிற்கவில்லை.

கீதை சொல்லும் நிஷ்காம கர்மத்தை நான் முன்பு உணர்ச்சி இல்லாமல் கடமை செய்வது என்றுதான் புரிந்து வைத்திருந்தேன். ரோபோ மாதிரி. இப்போது வேறு மாதிரி தெரிகிறது. அன்பு இருக்கட்டும், கண்ணீரும் வரட்டும். ஆனால் முடிவெடுக்கும் நாற்காலியில் அது உட்காரக் கூடாது. பாசம் கையை இயக்கலாம். வழியைக் காட்ட வேண்டியது தர்மம்.

எங்கள் வீட்டிலும் இந்தப் பாடம் நடந்தது. இரண்டாவது குட்டியை விலங்கு மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். காட்டு உயிர்க் குட்டிகளைப் பராமரித்துப் பழக்கப்பட்ட ஒரு அக்காவை அவர் கைகாட்டினார். ஒப்படைக்கும்போது தங்கை அழுதாள். "அது என்ன மறந்துடுமா அண்ணா?" என்று கேட்டாள்.

"மறக்கணும்டா. அது உன்ன மறந்தாத்தான் பொழைக்கும்" என்றேன்.

வாரா வாரம் படம் அனுப்பச் சொல்லி அந்த அக்காவிடம் கேட்டாள். அவர் மென்மையாகவே மறுத்துவிட்டார். படம் கேட்கிறவர்கள் பிறகு பார்க்க வருவார்கள், பார்க்க வருகிறவர்கள் பிறகு எடுத்துப்போகக் கேட்பார்கள் என்றார். அந்தக் குட்டி இன்று எந்த மரத்தில் இருக்கிறது, இருக்கிறதா என்பதே எங்களுக்குத் தெரியாது. பலனை எதிர்பாராமல் செய் என்பதை நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருக்கிறேன். பன்னிரண்டு வயதில் அவள் அதைச் செய்தே பார்த்துவிட்டாள்.

அவள் கேட்ட இன்னொரு கேள்வியை மறைக்காமல் சொல்ல வேண்டும். "அண்ணா, பெட்டிக்குள்ள இருந்தது எலிக்குட்டியா இருந்தா நாம என்ன செஞ்சிருப்போம்?" எங்கள் ஃபிளாட்டில் ஏறக்குறைய எல்லா வீட்டுச் சமையலறையிலும் எலிப்பசைப் பலகை உண்டு. ராமருக்குப் பாலம் கட்ட உதவிய அணில் என்று நாம் இதற்குக் காரணம் சொல்லலாம். ஆனால் ராமர் தடவிய மூன்று கோடு உள்ள அணில் இந்தியாவில் இருப்பது. நம்ம ஊர் அணிலுக்கு முதுகில் கோடே கிடையாது. விலாவில் ஒரு கறுப்புக் கோடும் வெளிர்க் கோடும், செந்நிற வயிறும்தான். அப்படியானால் இது அந்தக் கணக்கில் வராதா? எலியோ பிள்ளையாரின் வாகனம். அதற்குப் பசைப் பலகையா?

எலிகளால் நோய் வரும் என்பது உண்மை. எலிக்காய்ச்சல் ஆளையே கொல்லும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் எலியை விரட்டாதே என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பசையில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் துடித்துச் சாவதற்கும், ஓட்டையை அடைத்து, குப்பைத் தொட்டியை மூடி, எலியே வராமல் பார்த்துக்கொள்வதற்கும் நடுவே நமக்குத் தேர்வு இருக்கிறது. அழகாக இருப்பதால் மட்டும் இரங்கினால், நாம் இரங்குவது உயிரிடமா, அதன் கண்ணும் வாலும் நமக்குத் தரும் சந்தோஷத்திடமா? சொக்கநாதர் மானாகவோ மயிலாகவோ வரவில்லை, பன்றியாக வந்தார் என்பதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. நாம் அழகில்லை என்று ஒதுக்குகிற இடத்தில்தான் அருளுக்குச் சோதனை வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர்.

"மனுசப் பிள்ளைகளே பட்டினியா இருக்கு, அணிலுக்கு இவ்வளவா?" என்பாரும் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் அருள் என்பது வங்கிக் கணக்கு மாதிரி, இங்கே எடுத்தால் அங்கே குறையும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது தசை மாதிரி; பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் வலுவாகும். அன்று பூனையை விரட்ட நாற்காலி போட்டு உட்கார்ந்த மக்சிக்கும் பாட்டியும் அதற்குமுன் சிரிப்போடு சரி. இப்போது பண்டம் பலகாரம் கைமாறுகிறது. ஓர் அணில் குட்டி இரண்டு வீட்டுக் கதவைத் திறந்துவைத்தது.

நண்பர்களே, நாளைக்கு உங்கள் வாசலிலும் ஒரு பெட்டி வரலாம். அப்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இதற்குத் தாய் நிஜமாகவே இல்லையா, அல்லது நான் நகர்ந்தால் வருவாளா? இதைக் காப்பாற்றும் அறிவு என்னிடம் இருக்கிறதா, அல்லது மருத்துவரிடமோ பெர்ஹிலித்தானிடமோ ஒப்படைக்க வேண்டுமா? நான் வைத்துக்கொள்ள விரும்புவது அதற்காகவா, எனக்காகவா? மூன்றாவது கேள்விக்கு மட்டும் யாரும் வெளியிலிருந்து பதில் சொல்ல முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. காப்பாற்றுவதைவிட அனாதையாக்காமல் இருப்பது மேல். திருவிழாவுக்கு முன்னால் நம் கோவில்களில் கோத்தோங் ரோயோங் நடக்கும். வளாகத்து மரக்கிளைகளைக் கழிப்பது எப்போதும் இளைஞர் பிரிவின் வேலைதான். அடுத்த முறை கத்தியை எடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அண்ணாந்து பாருங்கள். இலைகளுக்கு நடுவே நாரும் சருகும் பந்துபோல் சுருண்டு தெரிந்தால், அந்தக் கிளையை மட்டும் இரண்டு மாதம் கழித்து வெட்டிக்கொள்ளலாம். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.